மூலிகை நாற்றுக்கு டிஎன்ஏ டெஸ்ட்: 23,100 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது என்ன?

முதலில் மார்க் போட்டுவிடுகிறேன், கதை அப்புறம். டெஸ்ட்டுக்கு ஐந்துக்கு நாலரை. அதை விற்கிற கவுன்டருக்கு இரண்டரை. ரிப்போர்ட்டுக்கு இரண்டுதான், அதுவும் கடைசியில் போனில் பொறுமையாகப் பேசின ஒரு பெண்ணுக்காக. லேபின் பேரைப் போடவில்லை. ஓசூரைத் தாண்டி பெங்களூர் போகிற வழியில் இருக்கிற ஒரு தனியார் லேப், அவ்வளவு போதும். கோலியஸ், அமுக்கரா, துளசி, கீழாநெல்லி என்று மருந்துச்செடி போடுகிறவர்களுக்கு இந்த டெஸ்ட் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று காசு கட்டுகிற முன்னால் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். எனக்குக் கட்டின பிறகுதான் தெரிந்தது.

நான் பாலக்கோடு பக்கம். பரம்பரையாகத் தக்காளிக்காரன். விலை இல்லாமல் கிரேட் கிரேடாக ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்த வருஷம், இனி இது வேண்டாம் என்று ஒன்றரை ஏக்கரில் மருந்துக்கூர்க்கன் போட்டேன். புத்தகத்தில்தான் மருந்துக்கூர்க்கன், எங்கள் பக்கம் கோலியஸ் என்றால்தான் தெரியும். திருநெல்வேலிக்காரர்கள் பொங்கலுக்குச் சமைக்கிற சிறுகிழங்குக்கும், வீட்டு வாசலில் இருக்கிற ஓமவல்லிக்கும் இது பங்காளிச் செடி. கிழங்கில் ஃபோர்ஸ்கோலின் என்று ஒரு சரக்கு இருக்கிறது; 1970-களில் இந்தியாவிலேயே பிரித்தெடுத்ததுதான். செல்லுக்குள் அடினைல் சைக்ளேஸ் என்ற என்சைமைத் தூண்டிவிடும் என்பதால் ஆராய்ச்சிக்கும் வாங்குகிறார்கள், உடம்பு இளைக்கிற மாத்திரைக்கும் வாங்குகிறார்கள். குஜராத்தில் இதே கிழங்கை ஊறுகாய் போட்டுச் சாப்பிடுகிறார்களாம், கொடுத்து வைத்தவர்கள். நம்மிடம் ஒப்பந்தம் போடுகிற கம்பெனிக்கு வேண்டியது ஃபோர்ஸ்கோலின் மட்டும். கிழங்கு எவ்வளவு பருமன் என்று பார்ப்பார்கள், மாவாக்கி டெஸ்ட் பண்ணுவார்கள், குறைந்தால் விலையை வெட்டுவார்கள்.

இதற்கு விதை போடுவதில்லை. நுனித்தண்டை 10, 12 சென்டிமீட்டருக்கு மூன்று நாலு ஜோடி இலையோடு வெட்டி, நிழலில் ஒரு மாதம் வேர்விட வைத்து, 60-க்கு 45 சென்டிமீட்டர் இடைவெளியில் நடவேண்டும். கணக்குப் போட்டால் ஏக்கருக்கு 15,000 நாற்று, எனக்கு 22,500. பக்கத்து மாவட்டத்து நர்சரி ஒன்றில் ஒரு நாற்று ஒரு ரூபாய் இருபது காசு என்று 27,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். "கே-8 தானே?" என்று ரகத்தின் பேரைச் சொல்லிக் கேட்டேன். வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பிலும் அந்தப் பேர்தான் இருக்கிறது, ஆத்தூர்ப் பக்கம் இருக்கிற என் மச்சான் பல வருஷமாகப் போடுவதும் அதுதான். "சுத்தமான கே-8 ண்ணா, தாய்ப்பாத்தி நம்ம சொந்தம்" என்றார். தாய்ப்பாத்தி என்றால் நாற்றுக்குத் தண்டு வெட்டுகிற செடிகள் நிற்கிற பாத்தி. பில்லிலும் கே-8 என்று எழுதிக் கொடுத்தார். பில்லை பீரோவில் வைத்தேன், இதுவரை என் வாழ்க்கையில் ஒரு பில்லைப் பத்திரமாக வைத்து உருப்படியான முதல் தடவை அதுதான்.

நாலாவது மாதம் சந்தேகம் வந்தது. ஒரே நாளில் நட்ட கொல்லை, ஒரே தண்ணீர், ஒரே எரு. ஆனால் அங்கங்கே சில செடி மட்டும் முந்திக்கொண்டு பூக்கிறது. சரி, பூவைக் கிள்ளிவிட்டால் போகிறது என்று முதலில் விட்டுவிட்டேன். ஒருநாள் சாயங்காலம் மனசு கேட்காமல் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு செடியைப் பிடுங்கினேன். ஒன்றில் விரல் பருமனுக்குப் பொன்நிறத்தில் ஏழெட்டுக் கிழங்கு, நகத்தால் கீறினால் இஞ்சி வாசம் மாதிரி ஒரு வாசம் குப்பென்று வந்தது. இன்னொன்றில் சணல் கயிறு மாதிரி வெளுத்த வேர், கீறினால் வாசமும் சுமார்தான். மேலே பார்த்தால் இரண்டு இலையும் அச்சு அசல் ஒன்று. நாற்றாக இருக்கும்போது எந்தக் கொம்பன் வந்தாலும் இரண்டையும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது.

நர்சரிக்குப் போன் பண்ணினால் வழக்கமான பதில்தான். மண்ணு சரியில்லை, நூற்புழுவாக இருக்கும், தண்ணி அதிகமாகிவிட்டது. நூற்புழு கோலியஸுக்கு உண்மையான வில்லன் என்பதால் சட்டென்று மறுக்கவும் முடியவில்லை. ஆனால் நூற்புழு என்றால் வேரில் முடிச்சு விழும், அது எதுவும் இல்லையே. அப்போதுதான் அக்கா பையன், அக்ரி படிக்கிறவன், "மாமா, சண்டை போட்டுட்டு இருக்காதீங்க, இலையை டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு அனுப்புங்க, ரகம் ஒண்ணா ரெண்டான்னு தெரிஞ்சிடும்" என்றான். எனக்கு டிஎன்ஏ டெஸ்ட் என்றால் கோர்ட்டு, அப்பா யார் பிள்ளை யார் என்ற வழக்குதான் ஞாபகம் வரும். யோசித்தால் இதுவும் கிட்டத்தட்ட அதே வழக்குதான்.

லேபுக்கு நேரில் போனேன். கவுன்டரில் இருந்தவர் நான் பேசி முடிக்கும் முன்பே "ஹெர்பல் பார்கோடிங் பேக்கேஜ்" என்று ஒரு அட்டையை நீட்டினார். விலை குறைவு, ரிசல்ட்டும் சீக்கிரம். நல்ல வேளையாக அக்கா பையன் கூட இருந்தான், இல்லையென்றால் அதற்கே கட்டிவிட்டு வந்திருப்பேன். இங்கேதான் எல்லோரும் ஏமாறுவது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பார்கோடு என்பது செடி என்ன இனம் என்று சொல்கிற டெஸ்ட். ஆர்பிசிஎல், மேட்கே என்று, இலைச் செல்லில் பச்சையம் இருக்கிற பசுங்கணிகத்துக்குள் உள்ள இரண்டு மரபணுத் துண்டுகளைப் படித்துப் பார்ப்பார்கள். செடிகளுக்கு இந்த இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்று 2009-ல் உலக அளவில் ஆய்வாளர்கள் சேர்ந்து முடிவு செய்தார்கள். ஒரு இனத்துக்கும் இன்னொரு இனத்துக்கும் அந்தத் துண்டு மாறும், ஆனால் ஒரே இனத்துக்குள் இருக்கிற ரகங்களில் பெரும்பாலும் மாறாது. என் பத்துச் செடியையும் பார்கோடு பண்ணியிருந்தால் பத்துக்கும் "கோலியஸ்" என்று பதில் வந்திருக்கும். அது கோலியஸ் என்று எனக்கே தெரியுமே!

அதற்காகப் பார்கோடு வீண் என்று சொல்லவில்லை. அரூர்ப் பக்கம் எங்கள் சித்தப்பா ஒருவர் கீழாநெல்லி சேகரித்துக் காயவைத்து விற்கிறார், அவருக்கு அதுதான் சரியான டெஸ்ட். தென்னிந்தியாவில் 25 கடைகளில் வாங்கின கீழாநெல்லியைப் பெங்களூர் ஆய்வாளர்கள் பார்த்து 2010-ல் வெளியிட்டார்கள். 76 சதவீத மாதிரிகளில்தான் உண்மையான கீழாநெல்லி பிரதானமாக இருந்தது, மற்றதில் அதே குடும்பத்துப் பங்காளிகள். காய்ந்து நொறுங்கின சருகைக் கண்ணால் பார்த்து யாரும் சொல்லமுடியாது, பார்கோடு சொல்லும்.

ரகம் தெரிய வேண்டுமென்றால் கேட்க வேண்டியது ஃபிங்கர்பிரின்ட், அதாவது மார்க்கர் என்கிற, ரகத்துக்கு ரகம் மாறுகிற டிஎன்ஏ அடையாளங்களை வைத்துப் பார்ப்பது. ராப்ட் என்று 1990-ல் வந்த பழைய முறை ஒன்று, ஐஎஸ்எஸ்ஆர் என்று 1994-ல் வந்தது ஒன்று, எஸ்எஸ்ஆர், எஸ்என்பி என்று இன்னும் துல்லியமானவை. பாஸ்மதி அரிசியில் வேறு நெல் கலந்திருக்கிறதா என்று பிடிப்பது எஸ்எஸ்ஆர் வைத்துத்தான். நெல்லுக்கு அதெல்லாம் தயாராக இருக்கிறது, நம் மருந்துச்செடிகள் பலவற்றுக்கு இல்லை, அதனால் கோலியஸுக்கு ஐஎஸ்எஸ்ஆர் போடலாம் என்றார்கள். ஒரு மாதிரிக்கு 1,800 ரூபாய். பத்துச் செடியும், ஒப்பிட்டுப் பார்க்க மச்சான் தோட்டத்துச் செடி ஒன்றும், ஆக பதினொன்று, 19,800.

மிச்சம் 3,300 ரூபாய் என் முட்டாள்தனத்துக்கு. இலையைப் பறித்து, வாடாமல் இருக்கட்டும் என்று கறிவேப்பிலை மாதிரி ஈரப் பேப்பரில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூரியரில் கொடுத்தேன். நடுவில் ஞாயிறு. செவ்வாய்க்கிழமை லேபில் பிரித்தபோது உள்ளே கருத்துக் கூழாகிக் கிடந்ததாம், டிஎன்ஏ எல்லாம் சிதைந்துவிட்டது, திரும்ப அனுப்புங்கள், இலையிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கிற கூலி மட்டும் மறுபடி மாதிரிக்கு 300 என்றார்கள். அனுப்பும் முன்பே எப்படி அனுப்புவது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாமே என்று எனக்கு ஆத்திரம். கவுன்டருக்கு இரண்டரை மார்க் போட்டதில் பாதிக் காரணம் இதுதான்.

சரியான முறை இதுதான், நீங்களாவது ஏமாறாதீர்கள். நுனியில் இருக்கிற இளம் இலையைப் பறிக்க வேண்டும். முற்றின இலையில் பிசினும் துவர்ப்புச் சரக்கும் அதிகம், மருந்துச்செடிகளில் இது பெரிய தொல்லை. டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டு மெஷினை வேலை செய்ய விடாது. இலையைத் துடைத்து, டீத்தூள் பை மாதிரி ஒரு பேப்பர் கவரில் போட்டு, அதை சிலிக்கா ஜெல் நிரப்பின ஜிப் கவருக்குள் வைத்து மூடிவிட வேண்டும். செருப்பு டப்பாவில் வருமே, அந்த மணிகள்தான், நீல நிறத்தில் கிலோக் கணக்கில் கிடைக்கிறது. ஈரத்தை உறிஞ்சினால் நீலம் ரோஸ் ஆகும். ரோஸ் ஆனதும் கொட்டிவிட்டுப் புதிதாக நீலம் போட வேண்டும். இரண்டு நாளில் இலை அப்பளம் மாதிரி நொறுங்குகிற பதத்துக்கு வந்துவிடும், பச்சை நிறம் போகாது. அப்படிக் காய்ந்தால் கூரியர்க்காரன் ஒரு வாரம் வைத்திருந்தாலும் பயமில்லை. திங்கட்கிழமை காலையில் அனுப்புங்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று. சந்தேகமான செடியை மட்டும் பொறுக்காதே மாமா என்று பையன் சொன்னதால், எட்டுப் பாருக்கு ஒரு செடி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்தேன். ஒவ்வொரு செடியிலும் தகரத்தில் நம்பர் கட்டினேன். பிற்பாடு இந்தத் தகரம் ரொம்ப உதவியது.

மூன்று வாரம் கழித்து ரிப்போர்ட் வந்தது. நாலு பக்கம், முழுக்க இங்கிலீஷ். ஒரு பக்கத்தில் கருப்புப் பின்னணியில் வெள்ளைக் கோடு கோடாக ஒரு போட்டோ, இன்னொரு பக்கத்தில் பக்கவாட்டில் சாய்ந்த மரம் மாதிரி ஒரு படம். ஒரு விளக்கமும் இல்லை. போன் பண்ணினால் பதினொன்றிலிருந்து ஒன்று வரைக்கும்தான் எடுப்பார்கள். இரண்டு நாள் கழித்துத் தமிழ் பேசுகிற ஒரு பெண் எடுத்தார், ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கிறவராம். இருபத்தைந்து நிமிஷம் பேசினார். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

டிஎன்ஏவில் இரண்டு மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வருகிற இடங்கள் நிறைய இருக்கின்றன. அவற்றைச் சர்வே கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கல்லுக்கு நடுவில் இருக்கிற தூரத்தை மட்டும் மெஷினில் போட்டுக் கோடிக்கணக்கில் நகலெடுக்கிறார்கள். அந்த நகலை ஜெல்லி மாதிரி ஒரு பலகையில் விட்டு மின்சாரம் கொடுத்தால், சின்னத் துண்டு வேகமாக ஓடிப்போய் நிற்கும், பெரிய துண்டு பின்தங்கும். போட்டோவில் இருக்கிற ஒவ்வொரு வெள்ளைக் கோடும் ஒரு தூரம். இரண்டு செடிக்கு எல்லாக் கோடும் ஒத்துப்போனால் இரண்டும் ஒரே தாய்ச்செடியின் தண்டிலிருந்து வந்தவை என்று எடுத்துக்கொள்ளலாம், கோலியஸ் குச்சி நட்டு வளர்கிற செடி என்பதால் இது இன்னும் சுலபம். அங்கங்கே கோடு இருக்கிறது, இல்லை என்று மாறினால் கல் நட்ட இடமே வேறு. மண்ணோ உரமோ தண்ணீரோ இந்தக் கோட்டை மாற்றாது. நர்சரிக்காரரின் "மண்ணு சரியில்லை" அங்கேயே செத்துப்போனது.

என் பத்தில் ஆறு, மச்சான் செடியோடு ஒத்துப்போனது. 2, 5, 9 ஆகிய மூன்றும் தங்களுக்குள் அச்சு ஒன்று, ஆனால் மச்சான் செடியிலிருந்து வேறு. ஏழாம் நம்பர் யாரோடும் சேராமல் தனியாக நிற்கிறது. அந்தப் பெண் ஒரு விஷயம் சொன்னார், அதுதான் 23,100 ரூபாயின் மதிப்பு. "அந்த மூணும் ஒரே மாதிரி இருக்குறதால சார், நர்சரி தாய்ப்பாத்தியிலேயே ரெண்டு ரகம் கலந்து நிக்குது. ஏழு மட்டும் தனியா இருக்குன்னா, பாத்தியில விதை விழுந்து முளைச்ச செடியா இருக்கலாம்." பத்துச் செடியை வைத்து 22,500-ல் இத்தனை சதவீதம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அதையும் அவரே சொல்லிவிட்டார்.

ஆனால் ரிப்போர்ட்டில் எங்கே தேடினாலும் "கே-8" என்ற சொல் இல்லை. "வாடிக்கையாளர் கொடுத்த ஒப்பீட்டு மாதிரியோடு பொருந்துகிறது" என்றுதான் இருக்கிறது. கோபமாகக் கேட்டேன். "நீங்க குடுத்த செடி கே-8 ன்னு எங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றார். நியாயம்தான். இந்த டெஸ்ட் ஒரு செடியைப் பார்த்துப் பேர் சொல்லாது, இரண்டு செடியைப் பார்த்து ஒன்றா வேறா என்றுதான் சொல்லும். ஒப்பிடுகிற செடி நம்பகமான இடத்திலிருந்து வரவில்லை என்றால் மொத்தக் காசும் தண்டம். மச்சான் செடியை நான் நம்பினது, அவர் கிழங்கைக் கம்பெனி ஒருதடவையும் குறை சொன்னதில்லை என்பதால். ஒரு லேபில் எடுத்த ஐஎஸ்எஸ்ஆர் படத்தை இன்னொரு லேப் படத்தோடு வைத்துப் பார்ப்பதும் சரிவராதாம், கோடுகள் கொஞ்சம் முன்னே பின்னே வரும். மாதிரியெல்லாம் ஒரே லேபில், ஒரே தடவையில் ஓட வேண்டும்.

ஃபோர்ஸ்கோலின் எவ்வளவு இருக்கிறது என்பதும் இதில் வராது. ரகம் கே-8 ஆகவே இருந்தாலும் சீக்கிரம் தோண்டினால், சரியாகக் காயவைக்காவிட்டால் சரக்கு குறையும். அதற்கு எச்பிஎல்சி என்று தனி டெஸ்ட், அதற்கு இலை இல்லை, காய்ந்த கிழங்கு கொடுக்க வேண்டும். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். டிஎன்ஏ டெஸ்ட்டின் பெரிய லாபமே, கிழங்கு வரும்வரை ஆறு மாதம் காத்திருக்காமல் நாற்று இலையிலேயே பார்த்துவிடலாம் என்பதுதான். நானோ நாலு மாதம் கழித்துப் பார்த்தேன், வெள்ளம் போன பிறகு அணை கட்டின கதை.

ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு நர்சரிக்குப் போனேன். அவர் திருப்பித் திருப்பிப் படத்தைப் பார்த்தார். அப்புறம் நிதானமாக, "இந்த இலை எங்க நாத்துல பறிச்சதுன்னு என்ன சாட்சி ண்ணா?" என்றார். வாயடைத்துப் போய்விட்டேன். உண்மையிலேயே சாட்சி இல்லை. வண்டியிலிருந்து நாற்று இறக்கின அன்றைக்கே பத்து நாற்றை எடுத்து, பில் நம்பர் எழுதி, டிரைவரை நிற்க வைத்து ஒரு போட்டோ எடுத்திருந்தால் அந்தக் கேள்வி வந்திருக்காது. விதை வாங்குகிற விவசாயியும் நுகர்வோர்தான் என்று 2012-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது என்று பையன் எடுத்துச் சொன்னான், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாம் என்றான். பில்லில் கே-8 என்று அவர் கையால் எழுதியிருந்ததைக் காட்டின பிறகு மனுஷன் இறங்கி வந்தார். பாதிப் பணம், 13,500, கையில் கொடுத்தார். கோர்ட்டுக்குப் போக எனக்குத் தெம்பில்லை, வாங்கிக்கொண்டேன்.

தையில் தோண்டினோம். ஏக்கருக்கு 800 கிலோவுக்கு மேல் காய்ந்த கிழங்கு வரும் என்பது கணக்கு, எனக்கு ஒன்றரை ஏக்கருக்கும் சேர்த்து 740. கம்பெனி கிலோவுக்கு 30 ரூபாய் வெட்டியது. தகர நம்பரை வைத்துச் சரிபார்த்தேன், ஒத்துப்போன ஆறு செடியிலும் நல்ல கிழங்கு, 2, 5, 9 மூன்றிலும் சணல் கயிறு. லேப் சொன்னது அப்படியே இருந்தது, அதனால்தான் டெஸ்ட்டுக்கு நாலரை.

டெஸ்ட் செலவு நாற்று வாங்கின காசை நெருங்குகிறதே, யாருக்குக் கட்டுப்படியாகும் என்றால், என்னை மாதிரி தனியாளுக்கு ஆகாது. ஐந்தாறு பேர் ஒரே நர்சரியில் வாங்குவதாக இருந்தால், வாங்கும் முன்பே தாய்ப்பாத்தியில் எட்டுப் பத்து இடத்தில் இலை எடுத்து, நல்ல செடி ஒன்றோடு சேர்த்து அனுப்பிச் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். இலை எடுக்க விடமாட்டேன் என்கிற நர்சரியில் வாங்காதீர்கள், டெஸ்ட் செலவே மிச்சம். இந்த வருஷம் காரிமங்கலம் பக்கம் நாலு பேரும் நானும் அப்படித்தான் செய்யப் போகிறோம்.

அந்த ஏழாம் நம்பரைச் சொல்ல மறந்துவிட்டேன். யாரோடும் சேராத அந்தச் செடியைத் தோண்டினால், பத்திலேயே பெரிய கிழங்கு அதில்தான் இருந்தது, பெருவிரல் பருமனில் பதினொன்று. வரப்போரம் வாய்க்கால் பக்கம் நின்ற செடி, தண்ணீர் கூடக் கிடைத்திருக்கும், ஒரு செடியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது மாமா என்று பையன் அடித்துச் சொல்கிறான். இருக்கட்டும். தோண்டும் முன்பே நுனி வெட்டி வைத்திருந்தேன், பழைய பெயின்ட் வாளிகளில் பதினான்கு செடி தழைத்து நிற்கிறது. அதன் கிழங்குத் தூளைத்தான் இந்தத் திங்கட்கிழமை எச்பிஎல்சிக்கு அனுப்புகிறேன்.